மாமா பேரில் பீட்ரூட்

அக்டோபர் 6, ஞாயிறு

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. வரி நேராகத்தான் கிளம்புகிறது. பாதித் தாளைத் தாண்டியதும் படியேற ஆரம்பித்துவிடுகிறது. ஓர் எழுத்து பூசணிக்காய் அளவு, பக்கத்தில் இருப்பது பட்டாணி அளவு. 'இ' இன்னும் எனக்கு அடங்கவில்லை. கோடு போட்ட தாள் வாங்கித்தான் எழுதுகிறேன். கோட்டுக்கெல்லாம் கட்டுப்படுகிற ரகம் இல்லை என் எழுத்து. இந்தக் கடிதத்தைப் போன மாதம் பதினைந்தாம் தேதி ஆரம்பித்தேன்.

கை நடுங்கவில்லை. கைக்குப் பழக்கம் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாமல் இருந்தது என்று எழுத வேண்டும். எழுபத்திரண்டு வயது வரைக்கும் தெரியாது. இப்போது எழுபத்து மூன்று. தெரியும்!

இந்த ஆச்சரியக்குறியை நேற்றுதான் கற்றுக்கொண்டேன். எங்கே போடலாம் என்று காத்திருந்தேன்.

இது உன் அத்தைக்கு மட்டும் தெரிந்த ரகசியம். உன் வீட்டுக்காரனுக்குத் தெரியாது, உன் நாத்தனாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாற்பது வருஷம் ஓட்டினேன். எந்தத் துணி எந்த வார்டு என்று அடையாளம் வைக்க மூலையில் கலர் நூலால் இரண்டு தையல் போடுவேன். பச்சை என்றால் குழந்தைகள் வார்டு, மஞ்சள் என்றால் ஆபரேஷன் அறை. அங்கே என் பெயரே நூல்காரர். எண் தெரியும், கடிகாரம் தெரியும், கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அது எழுத்து இல்லை, படம். காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவேனே, அதுவும் படம் பார்ப்பதுதான். "விளையாட்டுப் பக்கத்துல கொஞ்சம் கூடுதலா நில்லுங்க, அப்பத்தான் நம்புவாங்க" என்று உன் அத்தை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இப்போது வாசகசாலையில் வாரம் மூன்று மாலை வகுப்புக்குப் போகிறேன். டீச்சருக்குப் பகலில் பஸ் டிக்கெட் கவுண்டரில் வேலை. உன்னைவிடச் சின்னவள். எனக்குப் பக்கத்து இடம் குழாய் ரிப்பேர்காரர். 'ட' எழுதச் சொன்னால் குழாய் வளைவில் மாட்டும் முழங்கைத் துண்டை வைத்துப் பார்த்ததுபோல் கச்சிதமாகப் போடுவார். மற்ற எழுத்தெல்லாம் ஒழுகும். இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகம்தான் எங்களுக்கு. உன் மகளும் நானும் இந்த வருஷம் ஒரே வகுப்பு என்று அவளிடம் சொல்.

நான் படிக்கப் போனதே அந்தப் பிஸ்கட் டப்பாவுக்காகத்தான். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாடு எப்படி முடிவாகும் என்று உனக்குத் தெரியும். தெரிந்ததையே எழுதிப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது, பொறுத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மதியம், எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, உன் அத்தை ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பாள். மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவள் அல்லவா, எதற்கும் சீட்டு வேண்டும் அவளுக்கு. என்ன சாப்பிட ஆசையோ அதில் ஒன்றே ஒன்று எழுதி, நாலாக மடித்து, டப்பாவில் போட வேண்டும். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாகப் படிப்பாள். யார் கேட்டதும் விட்டுப்போகக் கூடாது. அடுப்பு மூன்று, ஓவன் ஒன்று. அதற்குள் எது எப்போது ஏறி எப்போது இறங்கும் என்று அன்றே கணக்குப் போட்டு, அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவாள்.

நானும் ஒரு மூலைக்குப் போய், பேனா மூடியைக் கழற்றி, யோசிக்கிற மாதிரி மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, வெறும் சீட்டை மடித்துப் போடுவேன். முப்பத்தேழு வருஷம், முப்பத்தேழு வெற்றுச் சீட்டு. அவள் அதைப் பிரித்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "இவருக்கு மசிச்ச உருளைக்கிழங்காம்" என்பாள், இல்லை வேறு ஏதாவது சொல்வாள். நானும் "ஆமா ஆமா" என்று தலையாட்டுவேன்.

ஒரு சீட்டையும் அவள் எறியவில்லை. வருஷத்துக்கு ஒரு கட்டு. கட்டியவன் நான், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கலர் நூல். இப்போது தினம் ஒரு கட்டு அவிழ்த்துப் படிக்கிறேன். என் வெற்றுச் சீட்டின் பின்பக்கத்தில் அவள் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்! "சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, கடிக்க முடியாது. இவர் பேரில் மசித்த கிழங்கு." என் பேரைச் சொல்லி யார் யாருக்கோ செய்திருக்கிறாள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். உன் நாத்தனார் பதினாலு வயதில் சீட்டில் எழுதியிருக்கிறாள், "கணக்கில் பெயில். அப்பாவிடம் சொல்லாதே." அன்று உன் அத்தை அதைப் பிரித்து, "இவளுக்கு ஆரஞ்சு கேக்" என்று படித்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கேக் அவ்வளவு நன்றாக வந்தது. பெயிலானதற்கு அப்படி ஒரு கேக்!

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ கிறிஸ்துமஸுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மகனும் பேத்தியும் வருகிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் உனக்கு லீவு இல்லை என்கிறாய். அன்று கடை மூடியிருக்கும் என்று பேத்தி உளறிவிட்டாள். போன் செய்தால், "இருங்க மாமா, அவர்கிட்ட கொடுக்கறேன்" என்று கைமாற்றிவிடுகிறாய். அதனால்தான் என் வாழ்க்கையின் முதல் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன். கடிதத்தைக் கைமாற்ற முடியாது. நான் என்ன செய்தேன் என்று சொல், அம்மா.

அன்புடன்,
மாமா


அக்டோபர் 17

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை யாரையோ வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருக்கும் இடங்களைப் பார்த்த பிறகு நம்பினேன்.

நம்பியதும் வேறொரு கேள்வி வந்துவிட்டது. அதனால்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை.

அத்தை இறந்துபோன அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு டப்பா உங்கள் கையில்தான் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்கள்தான் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தீர்கள். என் சீட்டையும் படித்தீர்கள். நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. எல்லோரும் சிரித்ததும் நினைவிருக்கிறது.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்றால், அன்று நீங்கள் படித்தது என்ன?

பதில் எழுத வேண்டாம். அந்த வருஷத்துச் சீட்டு இன்னும் இருந்தால், அதை எடுத்துப் படியுங்கள். அதற்குப் பிறகு எழுதத் தோன்றினால் எழுதுங்கள்.

உங்கள் பேத்தி நலம். "தாத்தா எத்தனாவது பாடம்?" என்று கேட்கச் சொன்னாள். அவள் பதினொன்றாவது பாடம்.

இப்படிக்கு,
மருமகள்


அக்டோபர் 27, ஞாயிறு

அம்மா,

படித்துவிட்டேன்.

அந்த வருஷக் கட்டுக்கு நான் நூல் கட்டவில்லை. எந்தக் கலர் என்று தோன்றவே இல்லை. ஒரு ரப்பர் பேண்டு போட்டு அடியில் தள்ளியிருந்தேன், அது இற்றுப்போய்ச் சீட்டுகளோடு ஒட்டியிருந்தது. உன்னுடையது நடுவில் இருந்தது. மூன்றே விரல் அகலச் சீட்டு. எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. 'வயிற்றில்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டலாமா என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். சீட்டில் சாப்பாடு தவிர வேறு எது எழுதியிருந்தாலும் அது படிப்பவருக்கும் டப்பாவுக்கும் மட்டும் என்பது உன் அத்தையின் விதி போலிருக்கிறது. அந்த விதியே எனக்கு இப்போதுதான் தெரியும். தெரிந்த பிறகும் மீறக் கூடாது. நானே உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

சரியாகத்தான் படித்தேனா என்று நீ பார்க்க, அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, எனக்கு எதுவும் வேண்டாம். வயிற்றில் இருந்தது போன வாரம் போய்விட்டது. இங்கே யாருக்கும் சொல்லவில்லை. அத்தை இருந்தால் சொல்லியிருப்பேன். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிடாதீர்கள்."

இதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அன்று என்ன சொன்னேன் என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன், அது என் வேலை. "நம்ம மருமகளுக்குப் பொரிச்ச கோழியாம்! ரெண்டு ஆளு சாப்பிடற அளவுக்கு! பொரிக்கறதும் அவளேதானாம்!" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று சொல்ல வேண்டும். சாக்கு இல்லை, நடந்தது. அன்று உன் நாத்தனார் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அப்பா, இனிமே நீங்கதான் படிக்கணும்" என்றாள். "கண்ணாடியக் காணோம்மா" என்றேன். எத்தனையோ வருஷம் என்னைக் காப்பாற்றிய வார்த்தை அது. அன்று பார்த்து அவள் எழுந்து போய், தேடி எடுத்துவந்து, மூக்கில் மாட்டியும் விட்டாள். எல்லோரும் உன் அத்தையை நினைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். யாருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியுமே, சமாளித்துவிடலாம் என்று துணிந்துவிட்டேன். மகனுக்கு வறுத்த உருளைக்கிழங்கு என்றேன். மகளுக்கு மீன் என்றேன். இப்போது அவள் சீட்டைப் படித்தேன், அவள் எழுதியது ஆட்டுக்கறி. ஒரு வார்த்தை பேசாமல் மீனைத் தின்றிருக்கிறாள். என் பிள்ளைகள் எல்லோருமே பெரிய மனசுக்காரர்கள். அதனால்தான் என் குட்டு உடையவே இல்லை.

உன் சீட்டைப் பிரித்தபோது நிமிர்ந்து பார்த்தேன். நீ மெலிந்திருந்தாய். இந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, நன்றாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். உன் கைக்கு அந்தக் கோழி எப்படி வரும் என்று மற்றவர்களுக்குப் பெருமையடிக்கவும் ஆசை. இரண்டு ஆள் என்று சொன்னது அதனால்தான். வேறெதுவும் என் மனதில் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று நீ எழுந்து சமையலறைக்குப் போனதை, உற்சாகமாகக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணாடி போட்ட குருடன்.

படிக்கத் தெரியாதது தப்பு இல்லை என்று டீச்சர் சொல்கிறாள். இருக்கலாம். தெரியாது என்று சொல்லாததுதான் தப்பு. ஒரு வார்த்தை, "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்று சொல்லியிருந்தால், டப்பா வேறு கைக்குப் போயிருக்கும். என் வெட்கத்தைக் காப்பாற்ற உன் துக்கத்தின்மேல் கால் வைத்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

பதில் போடாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. இருக்கும், ஆனால் உரிமை இல்லை.

பேத்தியிடம் நான் ஒன்பதாவது பாடம் என்று சொல். காத்திருக்க வேண்டாம், அவள் முன்னால் போகட்டும்.

மாமா


நவம்பர் 7

அன்புள்ள மாமாவுக்கு,

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

கடைக்கு எடுத்துக்கொண்டுபோய், சாப்பாட்டு இடைவேளையில், கண் சோதிக்கும் அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். படித்து முடித்து நிமிர்ந்தால் எதிரே எழுத்துப் பலகை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமா, உங்கள் கண்ணை நான்தானே சோதித்தேன்! "எழுத்து வேண்டாம்மா, நம்பர் போட்ட அட்டை இருக்குமே, அத மாட்டு" என்று கேட்டீர்கள். மாட்டினேன். தினமும் பத்துப் பேராவது அப்படிக் கேட்கிறார்கள், எதற்கு என்று எனக்குத் தெரியும், யார் மனமும் நோகாமல் மாட்டிவிடுவேன். என் வீட்டு ஆள் கேட்டபோது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இப்போதுதான் புரிந்தது. அத்தை அலமாரிக் கதவில் ஒட்டும் அட்டவணையில் நேரத்தை எழுதாமல் கடிகாரம் கடிகாரமாக வரைவார்கள். பத்தேகால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழி. பதினொன்றரைக்குப் பக்கத்தில் மூன்று உருளைக்கிழங்கு. நான் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸில், "எதுக்கு அத்தை இவ்வளவு மெனக்கெட்டு வரையறீங்க?" என்று கேட்டேன். "பிள்ளைங்களுக்கு வேடிக்கையா இருக்கும்" என்றார்கள். அந்த வருஷம் நம் வீட்டில் பிள்ளைகளே இல்லை.

அன்று நடந்ததை நானும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், பிறகு இது நமக்குள் முடிந்தது. அந்த விதியை அத்தைதான் எனக்குச் சொன்னார்கள். "சாப்பாடு மட்டுமில்ல, என்ன வேணா எழுது. நான் பாத்துக்கறேன்." டப்பா கை மாறினால் விதியும் கூடவே போகும் என்று நம்பினேன். நீங்கள் படித்து முடித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கேலி செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க முடியும்? கிறிஸ்துமஸ் அன்று போய்ப் பொரித்தேன். விஷயம் தெரிந்த ஒரே ஆளான உங்கள் மகன் அடுப்புப் பக்கம் வந்து, "நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்றார். மாட்டேன் என்றேன். இரண்டு ஆள் அளவுக்குப் பொரித்து மேஜையில் வைத்தேன். நீங்கள் முதல் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். அதைத்தான் மூன்று வருஷமாக என்னால் விழுங்க முடியவில்லை. நேற்று விழுங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு விஷயத்தை உங்கள் மகனிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் உங்களோடு பேச்சை நிறுத்தியிருப்பார். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது சந்தோஷமாக இருக்கிறது.

கோபத்தில் இருந்த வருஷங்களிலும் ஒன்று மட்டும் நினைத்துக்கொள்வேன். உங்களுக்குப் பீட்ரூட் என்றால் உயிர். நான் அங்கே இருந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் கேட்டது அதுதான். ஓவனில் சுட்டு, தோல் உரித்து, வட்டம் வட்டமாக வெட்டி, மிளகு தூவி. அத்தை இல்லாமல் பாவம், இவருக்கு யார் செய்து கொடுப்பார்கள் என்று தோன்றும். நாத்தனாருக்கு அதைச் சுடும் பக்குவம் வராது. குழைத்துவிடுவார்.

அன்புடன்,
மருமகள்


நவம்பர் 17, ஞாயிறு

என் அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். குழாய் ரிப்பேர்காரர், "என்ன நூல்காரரே, லாட்டரியா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல" என்றேன்.

நன்றி, அம்மா. இந்தச் சொல்லை எழுத வெகு நாளாக ஆசை. 'ன்'னும் 'றி'யும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது பார்க்க நன்றாக இருக்கிறது. பேத்தியிடம் நான் பதினைந்தாவது பாடம் என்று சொல்.

அந்தக் கடிகாரங்கள் எனக்காகத்தான். அத்தைக்குக் கடிகாரம் நன்றாக வரும், கோழி வராது. ஒரு வருஷம் அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் வாத்து இருக்கிறதா என்று கேட்டேன். திரும்பி வந்து சொன்னதும், கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தாள்.

இப்போது பீட்ரூட்டுக்கு வருகிறேன். உட்கார்ந்துகொள்.

எனக்குப் பீட்ரூட் ஆகவே ஆகாது. மண்ணைத் தின்பதுபோல் இருக்கும். நீ வந்த வருஷத்திலிருந்து, ஐந்து கிறிஸ்துமஸ், உன் அத்தை என் வெற்றுச் சீட்டைப் பிரித்து, "இவருக்குப் பீட்ரூட்டாம், வேற என்ன" என்று படிப்பாள். எனக்குப் பகீரென்று இருக்கும். மறுத்துப் பேச முடியுமா? "நான் அதை எழுதலையே" என்றால், "அப்ப என்ன எழுதினீங்க, காட்டுங்க" என்று மகன் கேட்பான். முதல் ஆளாக எனக்குத்தான் பரிமாறுவார்கள், வீட்டுக்குப் பெரியவன், அதுவும் ஆசைப்பட்டுக் கேட்டவன். ஐந்து வருஷமும் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினேன். மிச்சத்தை யார் தீர்க்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன புதன்கிழமை நீ வந்த வருஷத்துக் கட்டை அவிழ்த்தேன். கட்டியிருந்தது ஊதா நூல். உன் முதல் சீட்டில் நீ எழுதியிருந்தது, "எல்லோருக்கும் எதுவோ அதுவே எனக்கும்." அடுத்த வருஷமும் அதுதான். அதற்கடுத்த வருஷமும். ஐந்து சீட்டிலும் ஒரே வரி. என் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். உன் அத்தையின் பென்சில்:

"புதுப்பெண். கல்யாணச் சாப்பாட்டில் பீட்ரூட்டை மட்டும் இரண்டாம் முறை வாங்கினாள். வாய்விட்டுக் கேட்க மாட்டாள். இவர் பேரில் பீட்ரூட்."

அடுத்த வருஷம், "இந்த வருஷமும் கேட்கவில்லை. இவர் பேரில் பீட்ரூட். பாவம் இவர்."

பாவம் இவர்! அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறாள். எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் செய்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். என்னிடம் எழுத ஒன்றும் இல்லாததால்தான் அந்தச் சீட்டு வெறுமையாக இருக்கிறது என்று வெட்கப்பட்டேன். அவளோ அதை வீட்டில் யாருக்கு வாய் வரவில்லையோ அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். பல் விழுந்த குழந்தை, இன்னும் யார் யாரோ, புதிதாக வந்த நீ. எல்லோரும் என் பேரில் சாப்பிட்டிருக்கிறீர்கள். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன மரியாதை வேண்டும்?

அவள் போன பிறகு நம் வீட்டு மேஜையில் பீட்ரூட் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் தட்டில் அந்தச் சிவப்பு இல்லாமல், ஏதோ மறந்துவிட்டு உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது.

டிசம்பர் 22 ஞாயிறு. டப்பாவைத் துடைத்து வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக யாரும் சீட்டுப் போடவில்லை. உன் நாத்தனார் அவளாகவே ஏதோ செய்தாள், நாங்கள் சாப்பிட்டோம். இந்த வருஷம் சீட்டு உண்டு. வா என்று சொல்ல மாட்டேன். டப்பா இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மாமா


நவம்பர் 25

அன்புள்ள மாமாவுக்கு,

கல்யாணத்தன்று என் தட்டை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு வேலைக்கு நடுவில். இரண்டாம் முறை வாங்கியதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

உங்கள் தட்டில் மிஞ்சியதையெல்லாம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே தீர்த்தது நான்தான் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். வீட்டில் சும்மா சும்மா நினைத்துச் சிரிக்கிறேன். உங்கள் மகன், "அப்பாவா லெட்டர் எழுதறார்? அப்படி என்னதான் எழுதறார்?" என்று குடைகிறார். சமையல் குறிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?

22ஆம் தேதி காலை வண்டியில் மூன்று டிக்கெட் போட்டாயிற்று. இரண்டு இல்லை, மூன்று.

என் சீட்டை முன்கூட்டியே இத்துடன் அனுப்புகிறேன். நாலாக மடித்திருக்கிறது. இப்போதே பிரித்துப் படித்துப் பழகிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் தடுமாறக் கூடாது.

உங்கள் பேத்தி பதினாறாவது பாடம். நீங்கள் பதினைந்து என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
மருமகள்


டிசம்பர் 1, ஞாயிறு

என் அன்பு மருமகளுக்கு,

சீட்டைப் பிரித்தேன். "பீட்ரூட். மாமா பேரில் வேண்டாம், என் பேரிலேயே."

ஒரே மூச்சில் படித்தேன், அம்மா. எங்கும் நிற்கவில்லை. பிறகு சத்தமாகவும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தாண்டி, "என்னங்க, ஏதாவது வேணுமா?" என்றார். "பீட்ரூட்டு" என்றேன். எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று பொறுமையாக வழி சொன்னார்.

அட்டவணையை இந்த வருஷம் நானே எழுதுகிறேன். பத்தேகாலுக்குக் கோழி ஓவனுக்குள் போகும். பீட்ரூட்டை அதற்கு முன்பே சுட்டு இறக்கிவிடலாமா, கோழிக்குக் கீழ்த் தட்டில் வைக்கலாமா என்று நீ சொல்ல வேண்டும். உன் அத்தை எப்படிச் செய்தாள் என்று நினைவில்லை. அந்த நேரம் நான் எப்போதும் அடுப்புப் பக்கம் போவதில்லை, காரணம் உனக்குத் தெரியும். நேரத்தை எழுத்திலேயே எழுதுகிறேன். ஆனாலும் பக்கத்தில் ஒரு கடிகாரம் வரைவேன். அது இல்லாமல் அந்தக் கதவு நன்றாக இருக்காது.

மகனிடம் நீ சொல்ல வேண்டாம். அடுத்த ஞாயிறு அவனுக்கு நானே ஒரு கடிதம் எழுதுகிறேன். உன் சீட்டைப் பற்றி அதில் எதுவும் இருக்காது, அது உனக்கும் எனக்கும் டப்பாவுக்கும். என்னைப் பற்றி மட்டும் எழுதுவேன். சின்ன வயதில் அவன் பள்ளியிலிருந்து தேர்ச்சி அட்டையைக் கொண்டுவந்து நீட்டும்போது, நான் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் நல்லாப் படிக்கணும்" என்பேன். முதல் ரேங்க் வாங்கிய அன்றும் அதையேதான் சொன்னேன். எண் மட்டும் பார்த்தேன், ஒன்று என்று இருந்தது, ஒரே ஒரு மார்க் என்று நினைத்தேன். பாவம், அவன் முகம். அங்கிருந்துதான் அவனுக்கான கடிதத்தை ஆரம்பிக்கப் போகிறேன்.

இத்துடன் என் சீட்டும் இருக்கிறது. முப்பத்தெட்டாவது சீட்டு, முதல் தடவையாக எழுதப்பட்டது. என்ன கேட்பது என்று மூன்று நாள் யோசித்தேன். எனக்கு என்ன சாப்பிட ஆசை என்று நானே என்னைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கடைசியில் வேறு ஒன்றை எழுதிவிட்டேன்.

இதைப் பிரிக்காமல் பத்திரமாகக் கொண்டு வா. 22ஆம் தேதி நான் டப்பாவை நீட்டும்போது உள்ளே போடு, உன்னுடையது ஏற்கனவே டப்பாவில் இருக்கும். மற்ற எல்லாச் சீட்டையும் நான் படிக்கிறேன், படிக்க எனக்குக் கை பரபரக்கிறது. என் சீட்டை மட்டும் நீ படி. அதில் இருப்பது சாப்பாடு இல்லை. உன் அத்தைக்கும் உனக்கும் நான் சொல்ல வேண்டிய ஒன்று. விதி உனக்குத் தெரியும். உனக்குள் படித்துக்கொண்டு, வெளியே ஏதாவது ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்லிவிடு. வீட்டில் யாருக்கு வாய் வரவில்லை என்று அதற்குள் சுற்றிப் பார்த்து வைத்துக்கொள். எதைச் சொன்னாலும் நான் "ஆமா ஆமா" என்று தலையாட்டுவேன், பழகிய தலை.

பீட்ரூட் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நீங்கள் வர இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க என் கையால் முடியாது. அடுத்த வாரம் மகனுக்கு எழுதுகிற கையோடு உனக்கும் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா